பழைய நீட்சியும் புதிய பதிப்பும்

மாத்தளைக்கு இருப்புப் பாதை 1880ஆம் ஆண்டில் வந்தது. நீராவி எஞ்சின்கள் ஓடிய அப்பாதையிலே பிற்காலத்தில் டீசல் எஞ்சின்களும் ஓடின. தண்டவாளங்களின் இடையகலம் ஐந்தரை அடியாகவே மாறாது நின்றமை அதற்குக் காரணமாகும். கணினி மொழிகளின் வரலாற்றிலும் இத்தகையதொரு நிகழ்ச்சியைக் காண்கின்றோம்.

அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஊஸ்டர்ஹவுட் என்னும் பேராசிரியர் 1988இல் டிக்கிள் என்னும் நிரல்மொழியை ஆக்கத் தொடங்கினார். மொழி சிறிது, வேண்டும் ஆற்றல்களைப் பிறர் சீ மொழியில் எழுதி நீட்சிகளாகச் சேர்ப்பர். 1996இல் வெளிவந்த 7.5ஆம் பதிப்பு, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்சியை ஏற்றும் கட்டளையை அளித்தது. இயங்குநிலை இணைப்பு எனப்படும் இக்கருத்து, 1960களின் மல்ட்டிக்ஸ் அமைப்பிலேயே காணப்பட்டதாகும்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சிற்று. நீட்சி குறித்ததொரு பதிப்பின் நூலகத்தோடு நேரே பிணைக்கப்பட்டமையால், பதிப்பு மாறியதும் அதனை மீண்டும் தொகுக்க வேண்டியதாயிற்று. மூலநிரல் கையில் இல்லாதார்க்கு அதுவும் இயலாது.

1999இல் வந்த 8.1ஆம் பதிப்பு இதற்கு வழி கண்டது. 'ஸ்டப்ஸ்' என்னும் அம்முறையில், நீட்சியானது ஏற்றப்படும் வேளையில் செயல்களின் முகவரிகள் அடங்கிய அட்டவணையொன்றை மொழிப்பொறியிடமிருந்து பெறுகின்றது. அதன்பின் ஒவ்வொரு செயலையும் அவ்வட்டவணையில் அதற்குரிய இடத்தைக் கொண்டே அழைக்கின்றது. பழைய செயல்களின் இடங்கள் பெயர்க்கப்படா. புதியன இறுதியிலேயே சேரும். ஆகவே இவ்விதியைக் கைக்கொண்ட பழைய நீட்சிகள், 2012இல் வெளிவந்த 8.6ஆம் பதிப்பிலும் மறுதொகுப்பின்றி இயங்கலாயின.

பைதன் மொழியும் 2011இல், 3.2ஆம் பதிப்பில், இந்நோக்கத்தை மேற்கொண்டது. மார்ட்டின் ஃபொன் லோவிஸ் வகுத்த திட்டத்தின்படி, வரையறுத்த செயல்களை மட்டும் பயன்படுத்தி, உள்ளமைப்பைத் தீண்டாத நீட்சிக்கே நிலைபேறு உறுதி செய்யப்பட்டது.

இவ்வுறுதிக்கு விலையும் உண்டு. முன்னர் வகுத்த அமைப்பிற் குறை கண்டவிடத்தும் அதனை எளிதில் திருத்தல் இயலாது. 2024இல் டிக்கிள் 9.0 வெளிவந்தபோது, பேரளவுத் தரவுகளைக் கையாளும் பொருட்டு அடிப்படை அளவுகள் மாற்றப்பட்டன. பழைய நீட்சிகளை மீண்டும் தொகுக்க நேர்ந்தது.

எனினும், கால் நூற்றாண்டுக் காலம் காக்கப்பட்ட வாக்கு சிறிதன்று. மூலநிரலும் பொருள்வளமும் இல்லாத சிறு பாடசாலைகள், ஒருவர் முன்னர் ஆக்கிய கருவியைப் புதிய பதிப்பிலும் வழங்க முடிந்தது இத்தகைய ஏற்பாட்டினாலன்றோ? நாளை நிரல் எழுதப் புகும் நம் மாணவர், தம் ஆக்கத்தின்மேற் பிறர் உழைப்பும் எழும் என்பதை முதலிலேயே எண்ணி எழுதுவாராக.