கொழும்புத்துறையிலிருந்து நெடுந்தீவு வரை: இடுப்பளவு நீரின் வரலாறு

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், பொழுது புலரும் வேளையில் கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்றுகொண்டிருந்தேன். கனடாவில் வாழும் என் பல்கலைக்கழக நண்பர் ஒருவரின் மகளும் மருமகனும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். தீவுகளில் நடை, கடலில் துடுப்புப் படகு, பறவைகளையும் காட்டுக் குதிரைகளையும் பார்த்தல் என்று நான்கு நாள் பயணம் ஒன்றுக்கு இணையவழியில் பணம் கட்டியிருந்தார்கள். 'பிள்ளைகளோடு நீயும் போய்வா' என்று நண்பர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். ஐம்பதைக் கடந்த பத்திரிகைக்காரனுக்குக் கடலில் துடுப்பு வலிக்கும் ஆசை இருந்ததென்று சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தத் துறையின் பெயர் என்னை இழுத்தது.

பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் அனுப்பியிருந்த விளம்பரத்தாளில் ஒரு வரி இருந்தது. 'மனிதக் காலடி படாத நீர்ப்பரப்பு' என்று அதை மொழிபெயர்க்கலாம். அந்த வரிதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

துறையின் கதை

சிறுவயதில், கொழும்புக்குக் கப்பலேறும் துறை என்பதால்தான் கொழும்புத்துறை என்று பெயர் வந்ததென நான் நம்பியிருந்தேன். பெயரின் மூலம் எதுவாயினும், நல்லூரைத் தலைநகராகக் கொண்டு யாழ்ப்பாண அரசு நிலவிய காலத்திலேயே இது ஒரு வணிகத்துறை. 1619இல் அந்த அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அரசுகள் மாறினவே ஒழிய, கடனீரேரியைக் கடந்து பூநகரிக்குப் போவதும் வருவதும் நிற்கவில்லை. அக்கரையிலிருந்து நெல்லும் வைக்கோலும் விறகும் வந்தன. இக்கரையிலிருந்து மனிதர் போயினர்.

இந்த ஊருக்கு வெளிநாட்டார் வருவதும் புதிதன்று. 1964இல் சமாதியடையும் வரை யோகர் சுவாமி வாழ்ந்த கொட்டில் கொழும்புத்துறையில்தான் இருந்தது. இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகனே அவருக்குச் சீடராகி, சந்தசுவாமி என்று அழைக்கப்பட்டார். ஆனால் அவர்கள் வந்தது ஒரு மனிதரைத் தேடி. இன்று வருவோர் தேடுவது மனிதர் இல்லாத இடத்தை. இந்த வேறுபாடு சிறியதன்று.

கயாக்கும் கட்டுமரமும்

எங்களுக்குத் தரப்பட்டவை 'கயாக்' எனும் ஒடுங்கிய படகுகள். மஞ்சள் நிற வார்ப்புப் பிளாஸ்டிக்கில் செய்தவை. ஒவ்வொன்றிலும் இருவர் அமரலாம். வடதுருவத்தை அண்டி வாழும் இனுயிட் மக்கள், எலும்பிலும் மிதந்துவந்த மரத்திலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்தி, வேட்டைக்கென்று செய்துகொண்ட படகு அது. அவர்களுக்கு அது உயிர்வாழ்வின் கருவி. உலகம் அதை விளையாட்டுப் பொருளாக்கியது.

நம் கட்டுமரத்துக்கும் அதே கதிதான் நேர்ந்தது. மரங்களைக் கட்டிக் கடலேறிய ஏழைத் தொழிலாளியின் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. இன்று அந்தச் சொல் செல்வந்தரின் இரட்டை உடற் பாய்க்கப்பலைக் குறிக்கிறது.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை 1937இல் வில்லியம் அல்பேட் றொபின்சன் எனும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். சிறிய பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்றிருந்தவர் அவர். கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். நம் கடலோடிகளே அதைச் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். சரக்கேற்றிப் பிழைத்த கப்பல் ஒருவரின் ஆசைப் பொருளாயிற்று. நம் கடலுக்கு உல்லாசப் பயணியின் கண் பட்டது நேற்று அல்ல.

மண்டைதீவுக் கடல்

எங்கள் வழிகாட்டி குருநகரைச் சேர்ந்த இளைஞர். இருபத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளைக்காரத் தம்பதியர் இருவரும் எங்களோடு வந்ததால் ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னார். என்னிடம் மட்டும் தமிழில் பேசினார்.

"பயப்பிடாதேங்கோ ஐயா. கவிண்டாலும் எழும்பி நிண்டால் இடுப்பளவுதான்."

உண்மைதான். யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமற்றது. பல இடங்களில் கோலூன்றியே தோணியைத் தள்ளிச் செல்லலாம். வழியெங்கும் கம்புகள் நட்டு வலை கட்டிய களங்கண்டிகள் நின்றன. 'கம்புக்குக் கிட்டப் போகாதேங்கோ, ஆக்களின்ரை தொழில்' என்று அவர் எச்சரித்தார். எந்த இடத்தில் யார் களங்கண்டி போடுவது என்பதற்கு வழமை உண்டு. கரையிலிருந்து பார்ப்பவனுக்கு வெறும் நீராகத் தெரிவது, தொழிலாளிக்கு எல்லை பிரித்த வயல். 'காலடி படாத' இடமாம்!

ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் மண்டைதீவை நெருங்கினோம். தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. வெள்ளைக்காரத் தம்பதியர் ஒளிப்படக் கருவிகளை எடுத்தார்கள். அந்த இடத்தில் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1986 ஜூன் 10ஆம் திகதி, குருநகர்ப் பகுதியிலிருந்து தொழிலுக்குச் சென்ற மீனவர்கள் 30க்கும் மேற்பட்டோர் இந்தக் கடலில் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினரே என்று ஊரார் அன்றே சொன்னார்கள். நான் அப்போது பள்ளி மாணவன். உடல்கள் கரைக்கு வந்த நாளில் நகரம் முழுவதும் கடைகள் பூட்டிக் கிடந்ததும், வீட்டில் மாதக்கணக்கில் மீன் வாங்காதிருந்ததும் நினைவில் நிற்கின்றன.

வழிகாட்டியிடம் மெதுவாகக் கேட்டேன்: "தம்பி, எண்பத்தாறிலை நடந்தது தெரியுமோ?"

அவர் துடுப்பை மடியில் வைத்தார். "அம்மான்ரை தமையனும் அண்டைக்குத் தொழிலுக்குப் போனவர் ஐயா" என்றார். பிறகு, "உதுகளை வாறாக்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லியிருக்கினம். சந்தோசமா இருக்க வந்த சனம் எண்டு" என்றார். மேலே ஒன்றும் பேசாமல் துடுப்பை எடுத்தார்.

இருட்டில் கடந்த நீர்

அன்று பின்னேரம் மண்டைதீவுக் கரையில் கூடாரம் அடித்தோம். தெற்கே பூநகரிக் கரை மெல்லிய கோடாகத் தெரிந்தது. கிழக்கே, கண்ணுக்கு எட்டாத தொலைவில், கிளாலி.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் ஆனையிறவு வழியான தரைப்பாதை மக்களுக்கு அடைபட்டது. பூநகரியில் படைமுகாம் அமைந்ததும் கேரதீவு - சங்குப்பிட்டி வழியும் போயிற்று. கொம்படி - ஊரியான் சேற்றிலும் நீரிலும் சில காலம் மக்கள் நடந்தார்கள். பின்னர் எஞ்சியது கிளாலி மட்டுமே. இரவில், விளக்கின்றி, இயந்திரம் பூட்டிய ஒரு வள்ளத்தின் பின்னால் மற்ற வள்ளங்களைக் கயிற்றால் தொடுத்து இழுத்துச் சென்றார்கள். நாகதேவன்துறை முகாமிலிருந்து கடற்படைப் படகுகள் வரும். 1993 ஜனவரி 2ஆம் திகதி அவ்வாறு கடந்தவர்கள் மீது நடந்த தாக்குதலில் பொதுமக்கள் பலர் மாண்டனர்.

கலைப்பீடத்தில் படிப்பை முடித்த கையோடு, 1992இன் இறுதியில் ஓர் இரவு நானும் அப்படித்தான் கடந்தேன். என் வள்ளத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். குழந்தை அழக்கூடாதே என்று அவர் அதன் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டே வந்தார். அக்கரையில் இறங்கியதும் துணியை எடுத்தார். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வள்ளத்தில் இருந்த அனைவரும் சிரித்தோம். முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சிரிப்பை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்று உயிர்காப்பு அங்கி என்ற ஒன்றை எவரும் கண்டதில்லை. இன்று இடுப்பளவு நீரில் செம்மஞ்சள் அங்கி அணிந்து துடுப்பு வலிக்கிறேன். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. பூநகரிக்கு இப்போது பேருந்தில் போகலாம்.

ஒல்லாந்தர் வைத்த பெயர்கள்

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நடந்தோம். பூட்டிய வீடுகள், கூரையிழந்த வீடுகள், தூர்ந்த கிணறுகள். 'ஏன் இவ்வளவு வீடுகள் வெறுமையாக இருக்கின்றன?' என்று நண்பரின் மகள் கேட்டாள். 'உன்னைப் போன்றவர்களின் வீடுகள்தான்' என்றேன். 1991இல் படையினர் தீவுகளைக் கைப்பற்றியபோது மக்கள் இடம்பெயர்ந்தார்கள். திரும்பாதோரின் பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் வளர்கிறார்கள்.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணைத்தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் நிலைத்தது கடைசிப் பெயர் ஒன்றே. 1672இல் வெளியான தமது நூலில் பால்டேயஸ் பாதிரியார் இத்தீவுகளையும் இங்குள்ள கோயிற்பற்றுகளையும் விவரித்திருக்கிறார். வெற்றுத் தீவு என்று அவர் எழுதவில்லை.

அந்நாளின் காட்டுயிர் வணிகமும் இவ்வழியேதான் நடந்தது. வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தென்னிந்திய வணிகர் அவற்றை விலைக்கு வாங்க, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். வன்னியர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினார்கள். தீவுகளில் சாயவேர் கிண்டியவர்கள் கும்பினியின் தனியுரிமைக்கு உழைத்தார்கள். சங்கும் முத்தும் அதே கணக்குப் புத்தகங்களில் ஏறின. இங்கே இயற்கை என்பது என்றும் மனித உழைப்போடும் வரியோடும் பின்னிக் கிடந்தது.

நெடுந்தீவு

நான்காம் நாள் குறிகட்டுவானிலிருந்து படகேறினோம். ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். இதே நீர்வழியில்தான் 1985 மே 15ஆம் திகதி 'குமுதினி' என்ற பயணிகள் படகு மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பேர் அதற்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவார் சொல்லும் கணக்கு இதற்கும் மேல்.

தீவில் பவளக்கல் வேலிகளின் ஊடே நடந்து, பெருக்கமரத்தைப் பார்த்து, குதிரைகள் மேயும் வெளிக்குப் போனோம். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்தில் நோலன் எனும் அதிகாரி இங்கிருந்து குதிரை வளர்ப்பை மேற்பார்த்தார். தேவை ஒழிந்ததும் குதிரைகள் கைவிடப்பட்டன. காட்டுக் குதிரை என்று நாம் வியப்பவை, எசமானர்கள் விட்டுப்போன குதிரைகளே. கோடையில் நீரின்றி அவற்றுட் பல மடிகின்றன. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளமும் அதே ஆண்டில் அத்தகுதி பெற்றது. பாக்கு நீரிணையின் மறுகரையில் 2022இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

இவையெல்லாம் வேண்டியவையே. கடற்புல் அழிந்தால் கடற்பசு இல்லை. சேற்றுநிலம் கெட்டால் பூநாரை இல்லை. ஆயினும் நம் மீனவருக்கு ஓர் அச்சம் உண்டு. இழுவைப்படகுகளால் வலை இழந்தவர்கள் அவர்கள். அண்மை ஆண்டுகளில் கடலட்டைப் பண்ணைகளின் வேலிகள் தொழிலிடத்தை அடைப்பதாகப் போராடியவர்களும் அவர்களே. நாளை 'காலடி படாத நீர்' என்று எவரேனும் பலகை நட்டால், அந்தப் பலகைக்கு வெளியே நிற்கப்போவது களங்கண்டிக்காரர்தான். ஆளில்லாத இடம் என்று ஒன்றைச் சொல்வது, அங்கே இருப்பவரை அகற்றுவதற்கான முதற்படி என்பதை உலக வரலாறு பல கண்டங்களில் காட்டியிருக்கிறது.

சொல்ல வேண்டியது

இத்தகைய பயணங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குருநகர் இளைஞருக்கு அது கூலி தரும் தொழில். நண்பரின் மகளுக்கு அது தன் பாட்டனின் ஊரைக் கால்களால் அறிந்த நான்கு நாள். துயரத்தை விற்கவும் வேண்டாம். பறவை பார்க்க வந்தவரை அழவைக்கவும் வேண்டாம். மண்டைதீவுக் கடலில் துடுப்புகளை ஒரு நிமிடம் நிறுத்தி, 'இங்கே எங்கள் ஊரவர் இறந்தார்கள்' என்று சொல்லும் உரிமை அந்த வழிகாட்டிக்கு வேண்டும். அவ்வளவுதான்.

விடைபெறும்போது ஏற்பாட்டாளர்கள் கருத்துப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். விளம்பரத்தாளின் அந்த வரியை நீக்குமாறும், வழிகாட்டியைப் பேச விடுமாறும் எழுதிக் கொடுத்தேன். வெள்ளைக்காரப் பெண்மணி நான் எழுதியதைக் காட்டி, என்னவென்று கேட்டார். வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு தாமே ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்.