தொழுநோய்: உணர்ச்சியற்ற தேமலை மறைக்க வேண்டாம்

தொழுநோய் என்றதும் விரல்கள் அழுகி உதிரும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் இது தோலையும் நரம்பையும் தாக்கும் நாள்பட்ட தொற்றுநோய். 'மைக்கோபாக்டீரியம் லெப்ரே' என்ற கிருமி கை, கால், முகத்துக்குச் செல்லும் நரம்புகளில் தங்குகிறது. அதை எதிர்த்து உடலில் உண்டாகும் அழற்சியால் நரம்பு வீங்கிச் செயலிழக்கிறது.

முழங்கையருகே செல்லும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிவிடும். முழங்காலின் வெளிப்பக்க நரம்பு கெட்டால் பாதம் தொங்கும், செருப்பு நழுவும். முக நரம்பு கெட்டால் இமை மூடாது, பார்வையே போகலாம். உள்ளங்காலில் உணர்வு போனால் முள் குத்தினாலும் தெரியாது.

1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் விளக்கினார். வலி தெரியாததால் படும் காயங்களும் சூட்டுப் புண்களுமே விரல்களைச் சிதைக்கின்றன என்று காட்டினார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

இன்று கூட்டு மருந்து சிகிச்சை 6 அல்லது 12 மாதங்களில் நோயைக் குணமாக்குகிறது. மருந்தைத் தொடங்கியதுமே பிறருக்குப் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்திலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மருந்து இலவசம். உடன் வசிப்போருக்குத் தடுப்பு மருந்தும் உண்டு.

கவனிக்க வேண்டியவை:

- வெளிறிய அல்லது சிவந்த, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல்
- கை கால்களில் மதமதப்பு, பலவீனம்
- சிகிச்சையின்போதோ முடிந்த பின்னரோ தேமல் திடீரெனச் சிவந்து வீங்குதல், நரம்பில் வலி

மூன்றாவது அறிகுறி அவசரமானது. நரம்பு பாதிப்பு தொடங்கிய 6 மாதங்களுக்குள் மருத்துவர் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் மீட்கலாம். தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடும். கூட்டு மருந்தையும் நாமாக நிறுத்தக் கூடாது.

மகளின் சம்பந்தம் தட்டிப்போகுமே என்று அஞ்சித் தேமலை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த அச்சம் நரம்பைத்தான் பலி கொடுக்கிறது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் தொழுநோய் மணவிலக்குக்கு ஒரு காரணமாக இருந்தது. குணப்படுத்தக்கூடிய நோய் என்பதால் 2019-இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சட்டமே விட்டுவிட்ட பழியை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

உணர்வு குறைந்தவர்களுக்கு ஒளுச் செய்யும் நேரம் நல்ல வாய்ப்பு. கை, பாதம், விரலிடுக்கு எங்கும் காயமோ கொப்புளமோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்கட்டும். வெந்நீராக இருந்தால் அதன் சூட்டை வீட்டில் மற்றொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்த்து, மென்மையான உள்பகுதி கொண்ட செருப்பை அணியட்டும்.

வீட்டில் எவருக்கேனும் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் இந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுவோம்.