சாரா டக்கர்: திருநெல்வேலித் திருச்சபையை எழுதிய பெண்

பாளையங்கோட்டையில் சாரா டக்கர் என்றால் எல்லோருக்கும் பெண்கள் கல்லூரிதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குரியவர் நூலாசிரியர் என்பதைக் கல்லூரியில் படித்தவர்களில்கூடப் பலர் அறியமாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த சாரா டக்கர், தென்னிந்தியப் புரொட்டஸ்டன்ட் சபைகளின் வரலாற்றை நூலாக்கிய தொடக்ககாலப் பெண்களில் ஒருவர். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. நடக்க இயலாதவராக இருந்தார் என்று பாளையங்கோட்டையில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அவருடைய சகோதரர் ஜான் டக்கர் ஆக்ஸ்போர்டு கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெலோ. 1833 முதல் 1847 வரை சர்ச் மிஷனரி சங்கத்தின், அதாவது சி.எம்.எஸ்.ஸின், சென்னைச் செயலாளராக இருந்தார். சென்னை பிராட்வேயிலுள்ள டக்கர் ஆலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அண்ணன் தம்பிகளுக்குத் திறந்திருந்த ஆக்ஸ்போர்டு, வீட்டுப் பெண்களுக்கு அன்று மூடிக் கிடந்தது. பெண்களுக்கான முதல் விடுதிகள் அங்கே 1879இல்தான் தொடங்கின. பட்டம் கிடைக்க 1920 ஆனது. குருப்பட்டமோ பல்கலைக்கழக இருக்கையோ கிடைக்க வழியில்லாத பெண் ஒருவர் திருச்சபை வரலாறு எழுதியதை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

'சவுத் இண்டியன் மிஷனரி ஸ்கெட்ச்சஸ்' என்ற அவருடைய நூல் 1842, 1843 ஆண்டுகளில் வெளிவந்தது. தென்னிந்தியாவில் சி.எம்.எஸ். ஊழியம் நடந்த இடங்களை, இளைய நண்பர் ஒருவருக்கு எழுதும் கடிதங்களாக அது விவரிக்கிறது. இப்படிக் கடித வடிவில் இருப்பதாலேயே இதைச் சிறுவர் நூல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படி ஒதுக்கமாட்டேன். ஜேம்ஸ் ஹஃபின் இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றுத் தொகுதிகள் 1839இல்தான் வரத் தொடங்கியிருந்தன. திருநெல்வேலி மிஷனைப் பற்றிய ஜார்ஜ் பெட்டிட்டின் நூல் வந்தது 1851இல். கால்டுவெல் அதன் ஆதிகாலப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது 1881இல். டக்கரின் புத்தகம் பெட்டிட், கால்டுவெல் நூல்கள் இரண்டுக்கும் முந்தியது.

எழுதுவதற்கு அவர் முன் இருந்த கதையும் சிறியதல்ல. தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த பிராமண விதவை குளோரிந்தாவுக்கு 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த அம்மையாரின் முயற்சியில் எழுந்து 1785இல் பிரதிஷ்டையான ஆலயத்தை இன்றும் ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் அங்கே அனுப்பப்பட்டார். 1820இல் சி.எம்.எஸ். மிஷனரி ரேனியஸ் வந்தபின் சபைகள் ஊர் ஊராகப் பெருகின. மதம் மாறியவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830இல் தர்ம சங்கம் உருவானது. ஒரு பெண்ணின் வீட்டு ஜெபத்தில் தொடங்கி அரை நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான ஊர்களை எட்டிய இயக்கம் இது.

ரேனியஸ் விஷயத்தில் மட்டும் வாசகர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1835இல் அவர் சி.எம்.எஸ்.ஸோடு பிணங்கிப் பிரிந்தார். சபைகள் இரண்டாக உடைந்தன. 1838இல் அவர் இறந்தார். பிரிவு நடந்தபோது சென்னையில் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ஜான் டக்கர். காயம் ஆறாத நேரத்தில், ஒரு தரப்பின் வீட்டிலிருந்து எழுந்த எழுத்து சாராவின் நூல். மிஷனரிகள் சங்கத்துக்கு அனுப்பிய நாட்குறிப்புகளும் அறிக்கைகளும் அன்று சங்கத்தின் இதழ்களில் அச்சாகிக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்து எழுதியவருக்குத் திருநெல்வேலி பெரும்பாலும் அத்தகைய தாள்களின் வழியாகவே தெரிந்திருக்கும். அவற்றில் இல்லாத குரல்கள் இவர் நூலிலும் ஒலிப்பதற்கு வழி குறைவு.

பிறகு அவர் மற்ற கண்டங்களுக்குப் போனார், எழுத்தில். கனடாவின் ரூபர்ட்ஸ் லேண்ட் பகுதி மிஷனைப் பற்றி 'தி ரெயின்போ இன் தி நார்த்' (1851), இன்றைய நைஜீரியாவிலுள்ள அபேயோகுட்டாவைப் பற்றி ஒரு நூல் (1853), நியூசிலாந்தைப் பற்றி 'தி சதர்ன் கிராஸ் அண்ட் சதர்ன் கிரவுன்' (1855) என வரிசையாக வந்தன. ஏ.எல்.ஓ.இ. என்ற புனைபெயரில் சிறுவர் கதைகள் எழுதி, 1875இல் பஞ்சாபுக்கு வந்து 1893இல் மறைந்த சார்லட் மரியா டக்கர் வேறொருவர். இருவரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சாரா மறைந்தபின் அவர் நினைவாக நண்பர்கள் திரட்டிய பணத்தில் பாளையங்கோட்டையில் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிறுவனம் எழுந்தது. அங்கே படித்த பெண்கள் கிராமப் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாகப் போனார்கள். கல்லூரி 1895இல் தொடங்கியது. அவர் நூல்களைவிட இந்த ஆசிரியைகளே அவர் பெயரை உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது உண்மை. அதற்காக நூல்களை மறந்தது நியாயமில்லை.

சங்கத் தாள்களில் ஓரமாக நின்றவர்களை நடுவுக்குக் கொண்டுவரும் வேலையை நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வேறு பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜாய் ஞானதாசன் 1994இல் தென் திருவிதாங்கூர் மிஷனையும் ஒடுக்கப்பட்டோரின் விடுதலையையும் சேர்த்து எழுதினார். எலைசா கென்ட் 2004இல் வெளியிட்ட 'கன்வெர்ட்டிங் விமன்', 'பைபிள் உமன்' எனப்பட்ட பெண் ஊழியர்களையும், மதம் மாறிய பெண்களின் திருமணத்தையும் உடையையும் ஆராய்ந்தது. தரங்கம்பாடி மிஷனின் உபதேசிமாரையும் பள்ளி ஆசிரியர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் ஹைக்கே லீபாவ் 2008இல் எழுதினார். தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புகள் புரொட்டஸ்டன்ட் அடையாளத்தை உருவாக்கிய விதத்தை ஹெப்சிபா இஸ்ரேல் 2011இல் ஆராய்ந்தார்.

கோலார் தங்கவயலையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்வைத்தபின், வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள் சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம் தொழிலாளர் லைன்களில் குடியேறினார்கள். அவர்களிடையே தமிழ்ச் சபைகளும் வளர்ந்தன. அந்தத் தொழிலாளர் உலகத்தை ஜானகி நாயர் என்ற பெண் வரலாற்றாசிரியர் 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' (1998) நூலில் எழுதினார். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. இத்தகைய சபைகளின் கதையைத் தேடிப் போகிறவருக்கு ஞானஸ்நானப் பதிவேடு முதல் சான்று. ஆங்கிலிக்கன் மரபின் பழைய பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தகப்பனின் தொழில் என்று கட்டங்கள் உண்டு. தாயின் தொழிலுக்குக் கட்டம் கிடையாது.