நிறமிப் பிரிப்புக்குத் தாவர மாதிரி தயாரித்தல்

இலை, பூ, வேர், கட்டை முதலியவற்றைச் சேகரித்துக் கழுவி, உலர்த்தி, அரைத்து, நிறமியைப் பிரித்தெடுக்கும் நிலைக்குக் கொண்டுவரும் ஆய்வகப் பணி. செடியிலிருந்து பறித்ததுமே நொதி, அமிலம், ஒளி, காற்று ஆகியவை நிறமியைச் சிதைக்கத் தொடங்குகின்றன. அதனால் கரைப்பான் ஊற்றுமுன்பே ஆய்வின் தரம் பெருமளவு முடிவாகிவிடுகிறது.

மலைத்தொழில்களில்

தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி மலைகளில் இந்த வேதியியல் அன்றாடத் தொழிலாகவே நடக்கிறது. பச்சைய மூலக்கூறின் நடுவே மெக்னீசியம் இருக்கிறது. அமிலம் பட்டால் அது வெளியேறி, பச்சை மங்கிப் பழுப்பேறும். ஏலக்காயின் பச்சை நிறம் போகாதிருக்க, உலர்த்துமுன் 2 விழுக்காடு சலவைச் சோடாக் கரைசலில் 10 நிமிடம் ஊறவைக்கும் முறை உண்டு. காரம் அமிலத்தை அடக்குகிறது. ஆய்வகத்தில் இலையை அரைக்கும்போது சிறிது கால்சியம் கார்பனேட் சேர்ப்பதும் இதற்காகவே.

மூணாறுத் தேயிலை ஆலைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கொழுந்தை வாட்டி, உருட்டி, செல்களைக் கிழித்து, நொதியும் காற்றும் கலக்கவிட்டுச் செம்புநிறம் வரவழைக்கிறார்கள். கொழுந்தைச் சாக்கில் இறுக அடைத்தால் சூடேறி, ஆலைக்கு வருமுன்பே சிவந்துவிடும். ஆய்வுக்கான இலையும் நசுங்கினால் அப்படியே கெடும்.

சேகரிப்பு

ஒரே இனச் செடியின் நிறமி அளவு வெயில், நிழல், ஈரம், வயது ஆகியவற்றுக்கேற்ப மாறும். மழைமறைவுப் பகுதியான சின்னாறில் பறித்த இலையையும் ஈரம் மிகுந்த நெல்லியாம்பதியில் பறித்ததையும் கலக்கக் கூடாது. இடம், உயரம், நாள், நேரம் ஆகியவற்றைப் பறித்த இடத்திலேயே குறிக்க வேண்டும். அமைதிப் பள்ளத்தாக்கு, பரம்பிக்குளம், இரவிகுளம் போன்ற காப்பிடங்களில் வனத்துறை அனுமதியின்றி எதையும் பறிக்கலாகாது.

பூவோ காயோ உள்ள கிளை ஒன்றை அழுத்தி உலர்த்திச் சான்று மாதிரியாக வைப்பது இன்றியமையாதது. கோவையிலுள்ள இந்தியத் தாவர ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்து உலர்தாவரகம் இனங்காண உதவும் பெரிய களஞ்சியம்.

நிறமிக்கேற்ற பக்குவம்

பச்சையம்: குளிர்பெட்டியில், இருட்டில் கொண்டுவந்த புத்திலையை மங்கிய ஒளியில் கல்வத்திலிட்டு, 80 விழுக்காடு அசிட்டோன் விட்டு அரைக்கலாம். −196 பாகை செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடித்தால் நொதிகள் செயலற்றிருக்கும். டேனியல் ஆர்னன் 1949-இல் வெளியிட்ட முறைப்படி 663, 645 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளப்பர்.

கரோட்டினாய்டு: ஒளியும் ஆக்சிஜனும் இதற்குப் பகை. உறைநிலையில் உலர்த்தி, இருண்ட குப்பியில் காற்றுப்புகாமல் வைக்க வேண்டும்.

ஆந்தோசயனின்: அமிலத்தில் சிவந்து, காரத்தில் நீலமாகும். சிறிது அமிலம் சேர்த்த ஆல்கஹாலில், சூடு காட்டாமல் பிரிக்க வேண்டும். பச்சையத்துக்கு ஆகாத அமிலம் இதற்குக் காவலாகிறது.

குர்குமின்: வேகவைத்து உலர்த்திய மஞ்சள் கிழங்கின் பொடியிலிருந்து ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ பிரியும். தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும்.

பிரேசிலின்: கேரள வீடுகளில் குடிநீரைச் செந்நிறமாக்கும் பதிமுகத்தின் வைரக்கட்டையில் உள்ளது. காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமாகி, சிவந்த பிரேசிலீன் ஆகிறது. கட்டையைச் சீவி, வெந்நீரில் பிரிக்கலாம்.

உலர்த்துதல், அரைத்தல்

வேர், கட்டை போன்றவற்றை நிழலிலோ 40 பாகை அளவிலான அடுப்பிலோ உலர்த்துவர். இடைவிட்டு அரைத்தால் பொடி சூடேறாது. சலித்துச் சீரான துகளாக்கினால் கரைப்பான் ஒரே அளவில் ஊடுருவும். மிக நுண்ணிய மாவானால் வடிதாள் அடைபடும்.

ஈரத்தை அறியத் தனியே ஒரு பங்கை 105 பாகையில் எடை மாறாத வரை உலர்த்துவர். அந்தப் பங்கு நிறமி ஆய்வுக்கு உதவாது. 100 கிராம் பச்சிலையில் 75 கிராம் நீர் இருந்தால், உலர் எடைக் கணக்கில் நிறமி 4 மடங்காகத் தெரியும். எந்த எடையில் கணக்கிட்டது என்று எழுதாத முடிவை வேறெதனோடும் ஒப்பிட இயலாது. ஆகவே குப்பியின் சீட்டில் செடியின் பெயர், பறித்த இடம், நாள் ஆகியவற்றோடு உலர்த்திய முறையும் ஈரத்தின் அளவும் இடம்பெற வேண்டும்.