பாலிகையும் பூந்தொட்டியும்

நெற்களஞ்சியமென்று கீர்த்தி பெற்ற தஞ்சைத் தரணியில் வயல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், இந்த வளமான மண்ணில் பூச்செடிகளும் தாமாகவே செழிக்குமென்று எண்ணக்கூடும்; ஆனால் காவேரி யுகயுகமாகக் கொண்டுவந்து படியவைத்த களிமண், நீரைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும் குணத்தினாலேயே நெல்லுக்கு அமிர்தமாகவும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேரழுகிப்போகும் மெல்லிய செடிகளுக்கு விஷமாகவும் அமைந்துவிட்டது. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில், திருநந்தவனத்துக்கென நிலம் விட்டதும் அதனைப் பேணுவோருக்கு ஜீவனாம்சம் வைத்ததும் பெரிய தர்மங்களாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆலயத்துக்கு நந்தவனம் இருந்தது. இல்லத்துக்கோ முற்றமும் மண்கலமும் இருந்தன.

தொட்டியில் செடி வளர்ப்பது வெள்ளைக்காரத் துரைகளின் பங்களா வராந்தாவிலிருந்து நாம் கற்ற வழக்கமென்று சொல்வாருண்டு. குரோட்டன்ஸ் செடிகளைப் பொறுத்தவரை அது மெய்யாக இருக்கலாம். ஆயினும் கலத்தில் மண்ணிட்டு, விதை தெளித்து, நீர் வார்த்து முளைக்காகக் காத்திருக்கும் வித்தையை இந்நாட்டுப் பெண்களின் கைகள் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தன. காவேரி கடலோடு கலக்கும் புகாரில் நடந்த கண்ணகியின் திருமணத்தில் முளைவிட்ட தானியம் தாங்கிய மண்கலமான பாலிகையை ஏந்திய மங்கையர் வந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இன்றும் கலியாண வீடுகளில் சுமங்கலிகள் ஊறவைத்த தானியங்களைப் பாலோடு பாலிகையில் தெளிக்கிறார்கள். ஆலயங்களில் உற்சவத்துக்கு முன்னர் அங்குரார்ப்பணம் என்னும் முளையிடும் சடங்கு நடைபெறுகிறது. ஆடிப் பதினெட்டில் புதுவெள்ளம் கரை தொட்டு ஓடும்போது முளைப்பாரி ஆற்றிலே விடப்படுகிறது. மண்ணிடுவதற்கு முன் பாலிகையின் அடியில் அருகம்புல்லும் வில்வ இலையும் பரப்பும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அது சாஸ்திரமாகவே கொள்ளப்பட்டாலும், மண் ஒழுகாமல் நீர் மட்டும் வடிவதற்கான உபாயமும் அதனுள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

முற்றத்துத் துளசி மாடமும் இந்த மரபைச் சேர்ந்ததே. தரையினின்று உயர்த்திக் கட்டிய அந்தச் செங்கல் மாடத்தில், எத்தனை மழை பெய்தாலும் துளசியின் வேரில் நீர் தங்குவதில்லை. துளசியைப் போலவே, தஞ்சாவூர்க் கதம்ப மாலைக்கு வாசனையூட்டும் மரிக்கொழுந்தும், அதற்கு நிறங்கூட்டும் கனகாம்பரமும் தொட்டிக்கு நன்றாகவே இணங்குகின்றன.

புதிதாகத் தொடங்குவோர் குயவர் வனைந்த அகன்ற மண்தொட்டி ஒன்றை வாங்கி, அடித்துளையின்மேல் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்து, வண்டல் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு கலந்து, விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழாக நிரப்பினால் போதும். வயலின் களிமண்ணை அப்படியே அள்ளி நிரப்பலாகாது. விரலால் தொட்டுப் பார்த்து, மேல்மண் உலர்ந்த பிறகே நீர் வார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே ரோஜாவுக்கு ஆசைப்படாமல் கனகாம்பரத்தை நடுவது உத்தமம். வருகிற ஆடிப்பெருக்கன்று முளைப்பாரியை ஆற்றிலே விட்டு வீடு திரும்பியதும், ஒரு தொட்டியில் மண் நிரப்பிச் செடியை நட்டு வையுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் செடி வேரூன்றிவிடும்.