யாருடைய நகை, யாருடைய வாகனம்: 2022 நெருக்கடியும் வடமாகாணத் தம்பதியர் சொத்தும்

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களுக்கான கொடுப்பனவை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வறுமை ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரட்டித்து, சனத்தொகையில் நாலில் ஒரு பங்கினரைப் பிடித்தது என்பது உலக வங்கியின் மதிப்பீடு. இந்த எண்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எடுகோள் உண்டு: குடும்பம் என்பது ஒரே பை, அதற்குள் வருவதையும் போவதையும் எல்லோரும் சமமாகப் பகிர்கிறார்கள். நுகர்வுச் செலவு ஒரு வீட்டுக்கு ஒரு தொகையாகவே பதிவாகிறது. ஆள்வீதக் கணக்கு அதை வகுத்து எடுப்பதுதான். கணவன் இழந்தது எவ்வளவு, மனைவி இழந்தது எவ்வளவு என்று கேட்க அங்கே இடமில்லை.

பணவீக்கம் கடன் கொடுத்தவரிடமிருந்து கடன் வாங்கியவருக்குச் செல்வத்தை நகர்த்தும் என்பது பொருளியலின் பால பாடம். அதே நகர்வு வடமாகாணத்தின் பல திருமணங்களுக்குள்ளும் நடந்தது என்பதே என் வாதம். அங்கே இழந்த பக்கம் பெரும்பாலும் மனைவியுடையது.

இதை விளங்கிக்கொள்ளச் சட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. வடக்குத் தமிழரை ஆளும் தேசவழமையும், அதைத் திருத்திய 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் கணவன் மனைவி சொத்தை ஒன்றாகக் கரைத்துவிடவில்லை. சீதனமும், வழிவழி வந்த முதுசமும் தனித்தனியே நிற்கின்றன. மண வாழ்வில் விலைகொடுத்துச் சேர்த்ததே தேடியதேட்டம். மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகைக்கு அது வேண்டாம். அசையும் சொத்து என்பதால் அவளே கொண்டுபோய் வைக்கலாம். பெண்ணுக்குத் தரப்பட்ட இந்தச் சிறு சுதந்திரம்தான் நெருக்கடியில் அவளுடைய சொத்தை முதலில் கரையக்கூடியதாக ஆக்கியது. காணிக்கு நொத்தாரிசும் உறுதியும் கையெழுத்தும் தேவை. காப்புக்கும் சங்கிலிக்கும் அடையாள அட்டை போதும்.

2020இல் நிலையான வட்டிக்கு லீசிங் எடுத்து, கணவன் பெயரில் முச்சக்கரவண்டி வாங்கிய ஒரு தம்பதியை எண்ணிக்கொள்வோம். மாதத் தவணை ரூபாவில் மாறவில்லை. விலைவாசி இரட்டிக்கும்போது அந்தத் தவணையின் மெய்யான பாரம் குறைய வேண்டும். வருமானமும் சேர்ந்து ஏறினால்தானே குறையும்? பெற்றோல் வரிசையில் நின்ற வண்டி உழைக்கவில்லை. கடற்றொழிலாளர் வீடுகளில் நிலை இன்னும் மோசம்: 2022 ஓகஸ்ட் மாதத்தில் படகுக்கான மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. தவணை தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் நகை வங்கிக்குப் போகிறது.

அங்கே ஒரு பொறி இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியதால் பவுண் விலையும் எகிறியது. ஒரு பவுணுக்குக் கிடைக்கும் ஈட்டுத் தொகையும் கூடியது. ஏற்கெனவே ஈட்டில் கிடந்த சங்கிலியின் மேல் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்றானது. கைக்கு வந்த பணம் இலாபம்போலத் தெரிந்தது. ஆனால் மத்திய வங்கி ஏப்ரல் 8ஆம் திகதி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்தது. ஈட்டு வட்டியும் அதைத் தொடர்ந்தது. மீட்க முடியாத நகை ஏலத்துக்குப் போயிற்று. வைப்புப் பணம் பெறுமதியிழந்த அந்தக் காலத்தில் பெறுமதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த சொத்து தங்கம். அதைத்தான் இந்த வீடுகள் முதலில் விட்டன.

மறுபக்கத்தில் வண்டிக்கு என்ன ஆயிற்று? 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடையால், ஓடிய வாகனங்களின் விலை ஏறியது. பணவீக்கம் கடனைத் தேய்த்தது, தடை வண்டியின் விலையைக் கூட்டியது. இரண்டின் பலனும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் உண்டோ அவரிடம் சேர்ந்தது. அது தேடியதேட்டம், மனைவிக்கு அதில் பாதி உண்டு என்று வாதிடலாம். ஏற்றுக்கொண்டாலும், முழுதாகத் தனக்கே இருந்த ஒன்றைக் கொடுத்துப் பாதி உரிமையை வாங்கியிருக்கிறாள். அந்தப் பாதியும் மணமுறிவிலோ மரணத்திலோதான் கணக்குக்கு வரும். தவணையை எந்தக் காப்பு கட்டியது என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. ஈட்டுப் பணத்தில் எஞ்சியது அரிசிக்கும் எரிவாயுவுக்கும் போயிருந்தால் அதற்கு அந்தப் பாதியும் இல்லை. 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபா விற்றது. முந்தைய ஆண்டு செப்டெம்பரில் 1,493.

குடும்பத்துக்காகக் கொடுத்ததைப் பிரித்துக் கணக்குப் பார்ப்பது முறையா என்ற மறுப்பு வரும். அதை இலேசாகத் தள்ள முடியாது. கணவர்களும் பசி கிடந்தார்கள், வலையையும் இயந்திரத்தையும் விற்றார்கள். இங்கே எவருடைய தீய எண்ணமும் தேவைப்படவில்லை. கேரி பெக்கர் 1981இல் எழுதிய குடும்பம் பற்றிய நூலின் வழியில் பார்த்தால், அக்கறையுள்ள ஒருவர் தலைமையில் எல்லோருடைய நலனும் ஒன்றாகிவிடும். அமர்த்தியா சென் 1990இல் அதற்கு எதிராகச் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: ஒத்துழைப்பும் முரண்பாடும் ஒரே வீட்டில் சேர்ந்தே இருக்கின்றன, யார் அதிகம் பங்களிப்பதாக உணரப்படுகிறாரோ அவர் கை ஓங்குகிறது. தவணை கட்டியவர் உழைப்பாளியாகத் தெரிகிறார். நகை கொடுத்தவள் உதவியவளாக மட்டும் தெரிகிறாள்.

ஒப்பிட்டுப் பார்த்தால், கிழக்கே மட்டக்களப்பில் வீடு மகளுக்கே எழுதப்படும் வழக்கம் உண்டு. கூரை பெண்ணின் பெயரில் இருக்கும்போது அதை ஈடு வைக்க மறுக்க அவளுக்கு வலு இருக்கிறது. ஆனால் அங்கேயும் நுண்கடன் பெண்கள் பெயரிலேயே ஏறியது. சொத்து யார் பெயரில் என்பதோடு கடன் யார் பெயரில் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அரசும் இந்த வீடுகளைப் போலவே நெருக்கடியில் பெண்ணை நோக்கித் திரும்பியது. சிறு பிள்ளைகளின் தாய்மார் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கான கட்டுப்பாட்டில், பிள்ளையின் குறைந்தபட்ச வயது 2022 ஜூனில் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. எங்கே போவது என்பதைப் பெண் தானே முடிவுசெய்வதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் டொலர் தீர்ந்த வேளையில் அந்த விதி தளர்ந்தது என்பது, நாட்டின் கடைசிக் கையிருப்பாக எது எண்ணப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனபோது மீட்சி என்றார்கள். பவுண் விலை இறங்கவில்லை. ஏலத்தில் போன காப்பை அதே சம்பளத்தில் திரும்ப வாங்க வழியில்லை. ஆகவே அடுத்த வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம்: 2022க்குப் பின் ஈடு வைத்த நகை யாருடையது, அந்தப் பணம் எந்தக் கடனுக்குப் போனது, அந்தக் கடனால் வந்த சொத்து இன்று யார் பெயரில் இருக்கிறது. கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே வைத்துக் கேட்க வேண்டும்.