பாண்ட் யாருடைய சொத்து?



முதலாம் தவணை வந்தால் எமது பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். கூடவே ஒரு வாதமும் வரும். "முஸ்லிம் பாடசாலைக்கு பாண்ட் எதற்கு? வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம்தானே?" என்று ஒரு பக்கம். "மற்றப் பாடசாலைகளுக்கெல்லாம் இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் மட்டும் ஸ்பீக்கர் சத்தத்துக்கு நடக்க வேண்டுமா?" என்று இன்னொரு பக்கம். பழைய மாணவர் கூட்டங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வருடா வருடம் இது நடக்கிறது. ட்ரம்கள் களஞ்சிய அறையில் தோல் கிழிந்து கிடப்பதற்கு இந்த முடியாத வாதமும் ஒரு காரணம்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர். ஆகவே "வெள்ளைக்காரன் பழக்கம்" என்ற சொல்லை மட்டும் எடுத்து, அது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கிறேன்.

முதலில் பாண்ட் எப்படி இயங்குகிறது என்பதைக் கவனியுங்கள். முன்னால் கோலுடன் ட்ரம் மேஜர். அவர் வாயால் கட்டளையிடுவது குறைவு. கோலின் அசைவுதான் கட்டளை. பின்னால் ஊதும் கருவிகள், சைட் ட்ரம், டெனர் ட்ரம், சிம்பல், பெரிய பேஸ் ட்ரம். வசதி குறைந்த பாடசாலைகளில் ட்ரம்பட்டுக்குப் பதிலாக மெலோடிக்காவும் ரெக்கோடரும் இருக்கும். நடை இடது காலில் தொடங்கும். பேஸ் ட்ரம்மின் அடிதான் எல்லாருடைய காலையும் ஒன்றாக வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடிகள். முடிக்க வேண்டுமானால் பிரித்தானிய முறையில் பேஸ் ட்ரம் அடுத்தடுத்து இரண்டு அடி கொடுக்கும். அதைக் கேட்டவுடன், வாசித்துக்கொண்டிருப்பதை முடித்து எல்லாரும் ஒன்றாக நிறுத்த வேண்டும். பழக்குவதில் கஷ்டமான பகுதி இதுதான். தொடங்குவதற்கு எல்லாப் பிள்ளைகளும் தயார். நிறுத்துவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

இந்தப் பேஸ் ட்ரம்மும் சிம்பலும் ஐரோப்பியரின் இராணுவ வாத்தியத்துக்கு எங்கிருந்து வந்தன? உஸ்மானிய சாம்ராஜ்யத்திலிருந்து. ஜானிஸரி படையோடு போருக்குப் போன வாத்தியக் குழுவுக்கு மெஹ்தர் என்று பெயர். தாவுல் என்ற பெரிய மேளம், ஸுர்னா என்ற ஊதுகுழல், எக்காளம், ஸில் என்ற சிம்பல், சிறிய இரட்டை மேளமான நக்காரா ஆகியன அதில் இருந்தன. நக்காரா எமக்குப் புதிய சொல் அல்ல. பழைய பள்ளிவாசல்களில் நகரா அடித்த காலத்தை எமது பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். மெஹ்தருக்கு ஒழுங்கும் இருந்தது. சுல்தானின் குழுவில் ஒவ்வொரு கருவியிலும் ஒன்பது பேர். பதவி குறைந்தவர்களின் குழுவில் அந்த எண்ணிக்கையும் குறையும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தலைவர் உண்டு.

அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்த ஐரோப்பா, 18ஆம் நூற்றாண்டில் அதையே தன் படைகளுக்கு எடுத்துக்கொண்டது. "துருக்கி இசை" என்றே அதற்குப் பெயரும் வைத்தது. பிரித்தானியப் படையணிகள் பேஸ் ட்ரம், சிம்பல் அடிக்கக் கறுப்பின வாத்தியக்காரரை அமர்த்தி, துருக்கியர் போல உடையும் அணிவித்தன. மொஸார்ட் 1782இல் மேடையேற்றிய ஒப்பெரா ஒன்றிலும், பீத்தோவனின் 1824ஆம் ஆண்டு ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியிலும் இந்தத் துருக்கி மேளத்தின் சாயல் இருக்கிறது.

சிம்பலை வைத்தே இன்னொரு கதை சொல்லலாம். உலகம் முழுவதும் ட்ரம் வாசிப்பவர்கள் அறிந்த ஸில்ஜியன் என்ற பெயர், துருக்கிச் சொல்லான "ஸில்" என்பதிலிருந்து வந்தது. சிம்பல் செய்பவர் குடும்பம் என்று பொருள். இஸ்தான்புலில் இருந்த ஆர்மீனியக் கிறிஸ்தவக் குடும்பம் அது. அவர்களுடைய பட்டறை 1623இல் தொடங்கியது. இன்று அந்த நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. முஸ்லிம் சுல்தானின் படைக்குக் கிறிஸ்தவர் செய்து கொடுத்த சிம்பல் அது. அப்போதே பாண்ட் ஒரு சமூகத்தின் தனிச் சொத்தாக இருக்கவில்லை.

பிறகு கதை தலைகீழானது. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிஸரி படையைக் கலைத்தார். மெஹ்தரும் அத்தோடு போயிற்று. 1828இல் புதிய படைக்கு ஐரோப்பிய முறையில் பாண்ட் பழக்க இத்தாலியிலிருந்து ஜியுசெப்பே டோனிசெட்டி என்பவரை அழைத்தார்கள். அவருக்குப் பிற்காலத்தில் பாஷா பட்டமும் கிடைத்தது. துருக்கியிடம் ஐரோப்பா படித்ததை, துருக்கி திரும்ப ஐரோப்பாவிடம் படித்தது. எகிப்திலும் முஹம்மத் அலி பாஷாவின் புதிய இராணுவத்தில் இதே மாற்றம் நடந்தது.

அந்த எகிப்திய இராணுவத்தில் வளர்ந்த ஒருவர் எமது கண்டியில் வாழ்ந்தார். பிரித்தானியருக்கு எதிராக எழுந்து, 1882 செப்டெம்பரில் தல் அல் கபீர் போரில் தோற்று, 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷாதான் அவர். 1892இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்து, 1901இல் நாடு திரும்பும் வரை இங்கே இருந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவகம். சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் போன்றோருடன் சேர்ந்து 1892இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கத் துணைநின்றவரும் அவரே. எமது கல்வியின் தொடக்கத்தில் நின்ற அந்தப் பெரியவர், பாண்டுக்கு நடை பழகிய ஓர் இராணுவத்தின் கேர்ணல் என்பதை நாம் பெரிதாக நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி கண்டியையே எடுத்துக்கொள்வோம். கண்டி அரசனின் மாளிகைப் பகுதிகளில் "தம்போரு புரம்பெட்டுக்கார" என்று ஒன்று இருந்தது. அரசனுக்கு மேளமும் எக்காளமும் வாசிப்போரின் பகுதி. பெயர் போர்த்துக்கேய மொழியின் மேளத்தையும் எக்காளத்தையும் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தது. யாரோடு போர் செய்தார்களோ அவர்களுடைய வாத்தியத்தையும் பெயரையும் கண்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. அதே நிர்வாகத்தில் தவளமாட்டுப் போக்குவரத்தைப் பார்த்த மடிகே பகுதியில் எமது முன்னோர் வேலை செய்தார்கள். பெரஹராவில் நாம் கேட்கும் தவுலும் தம்மெட்டமும் ஹொரணாவும் இந்த மண்ணின் நடை வாத்தியங்கள். இன்று பல பாடசாலைகளில் மேலைத்தேய பாண்டுக்குப் பக்கத்தில் கீழைத்தேய பாண்டாக நிற்பதும் இவைதாம்.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. அவர்களுடைய படைகளில் மலாய் முஸ்லிம்கள் பலர் இருந்த படையும் ஒன்று. இலங்கை ரைபிள் படையணி என்று பின்னர் பெயர் பெற்ற படை அது. ரைபிள் படையணிகளில் கட்டளைக்கு மேளத்தை விட பியூகள்தான் முக்கியம். கண்டியில் பியூகள் சத்தத்துக்கு விழித்து, அணிவகுத்து, தொழுது, இங்கேயே குடும்பமாகிப் போனவர்கள் எமது சகோதரர்கள். 1873இல் அந்தப் படையணி கலைக்கப்பட்டது. பலர் பொலிஸுக்குப் போனார்கள். எட்டே வருடத்தில், 1881இல், கொழும்பு றோயல் கல்லூரியில் மாணவர் கெடட் பிரிவு தொடங்கியது. அங்கிருந்து அணிநடை கண்டிக் கல்லூரிகளுக்கும் வந்தது. கெடட்டோடு ட்ரம்மும் பியூகளும் வந்தன. எமது பாடசாலை பாண்டின் நேரடி வழி இதுதான்.

பல்கலைக்கழக பாண்ட் என்றால் உலகம் அமெரிக்காவைத்தான் பார்க்கும். அங்கேயும் வேர் இராணுவம்தான். 1862ஆம் ஆண்டின் மொரில் சட்டப்படி அரச காணி பெற்ற கல்லூரிகள் இராணுவப் பயிற்சியும் கொடுக்க வேண்டியிருந்தது. பயிற்சிக்கு மேளம் தேவை. பர்டூ பல்கலைக்கழகத்தின் பாண்ட் 1886இல் ஐந்து பேருடன் அப்படித்தான் பிறந்தது. 1907இல் அவர்கள் மைதானத்தில் இராணுவ வரிசையைக் கலைத்து, "பி" என்ற எழுத்தாக நின்று காட்டினார்கள். ட்ரில்லுக்கு வந்த வாத்தியம் அன்று மாணவர்களுடையதாக மாறியது.

கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த புளோரிடா ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில், 1946இல் பொறுப்பேற்ற வில்லியம் ஃபொஸ்டர் அணிநடைக்கே புதிய அசைவுகள் கொடுத்தார். 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு ஊர்வலத்துக்கு அமெரிக்காவின் சார்பில் பரிஸுக்குப் போனது அந்தக் குழுதான். ஆனால் அதே குழுவில் 2011இல் மூத்த மாணவர்களின் "பாரம்பரிய" அடிச் சடங்கில் ஒரு ட்ரம் மேஜர் இறந்தார். பாண்ட் நிறுத்தப்பட்டு, 2013இல்தான் திரும்ப மைதானத்துக்கு வந்தது. ராக்கிங்கில் பிள்ளைகளை இழந்து, 1998இல் அதற்கெதிராகச் சட்டமே கொண்டுவந்த நாடு நாம். பேராதனைக்குப் பக்கத்தில் இருக்கும் எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியாது. எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று யாராவது ஒருவர் தெரிவு செய்யத்தான் வேண்டும்.

இப்போது சொல்லக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். தெருவில் நடக்கும் வாத்தியத்துக்காகவே இந்த மாவட்டத்தில் இரத்தம் சிந்தியிருக்கிறது. கம்பளை வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா, பள்ளிவாசல் இருந்த வீதியால் வரும்போது வாத்தியத்தை நிறுத்த வேண்டுமா என்பதே பிரச்சினை. 1912இல் முற்றி, வழக்காயிற்று. கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி போல் பீரிஸ், 1815 ஒப்பந்தத்தை வைத்துத் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த மே மாதம் 28ஆம் திகதி வெசாக் இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் பாடிவந்த ஊர்வலத்தோடு மோதல் தொடங்கியது. சில நாட்களில் அது பல மாவட்டங்களுக்குப் பரவியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம். எம்மவரின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. பிரித்தானியரின் அடக்குமுறையில் சிங்களவர் பலர் உயிரிழந்தார்கள். 2018 மார்ச்சில் திகனையைக் கண்ட நாம் இதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது.

மேளம் ஒன்றுதான். ஒரு தெருவில் அது "இது எங்கள் தெரு" என்று சொல்லும். இன்னொரு தெருவில் "நாங்களும் உங்களோடு வருகிறோம்" என்று சொல்லும். எதைச் சொல்ல வேண்டும் என்பதை அடிப்பவரும், அவரைப் பழக்கியவரும்தான் தீர்மானிக்கிறார்கள். சுல்தானின் போருக்குப் பிறந்தது, பிரித்தானியரின் ஆட்சிக்கு வேலை செய்தது, கறுப்பின மாணவர்களின் கையில் தலைநிமிர்வானது. ஆகவே "வெள்ளைக்காரன் பழக்கம்" என்பது பாதிக் கதைதான்.

மார்க்கப் பக்கத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடமே கேட்போம். பெருநாள் தினத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் தப் அடித்ததையும், அபூபக்ர் (ரழி) அவர்கள் கண்டித்தபோது நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்னதையும் ஸஹீஹுல் புகாரியில் எல்லாரும் படித்திருக்கிறோம். அது எதுவரை பொருந்தும் என்று விளக்க வேண்டியவர்கள் அவர்கள். ஊதும் கருவி வேண்டாம் என்று ஒரு பாடசாலை முடிவெடுத்தால் ட்ரம்மும் ரபானும் கொண்டு அழகாக அணிநடை செய்யலாம். மாணவிகளின் உடை, எந்த வீதியால் போவது, எத்தனை மணிக்கு முடிப்பது எல்லாம் பெற்றோருடன் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியவை. ஆனால் பேசாமலேயே களஞ்சிய அறைக் கதவைப் பூட்டி வைப்பது முடிவு அல்ல.

என்னுடைய வேண்டுகோள் இரண்டு. ஒன்று, பாண்ட் வைத்திருக்கும் பாடசாலைகள் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கத்தைக் கட்டாயம் பழக்க வேண்டும். விகாரையோ கோவிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ வந்தால் நீதிமன்றமும் பொலிஸும் சொல்லாமலே வாத்தியம் நிற்க வேண்டும். காலடி மட்டும் கேட்க வேண்டும். கடந்த பிறகு மீண்டும் தொடங்கலாம். 1915இல் பெரியவர்களுக்கு முடியாமல் போனதை எட்டாம் தரத்துப் பிள்ளை பேஸ் ட்ரம்மில் இரண்டு அடி கொடுத்துச் செய்து காட்டலாம்.

இரண்டு, அக்குறணை, கம்பளை, மாவனல்லை, மாத்தளை, கண்டி நகரம் என்று எமது பகுதிப் பாடசாலைகளில் 60களிலும் 70களிலும் பாண்டிலோ கெடட்டிலோ இருந்த வாப்பாமார், உம்மாமார் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் படம் இருக்கும், சீருடை நிறம் ஞாபகம் இருக்கும், பழக்கிய மாஸ்டரின் பெயர் தெரியும். பிள்ளைகளே, இந்த விடுமுறையில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் வருடத்தைக் குறியுங்கள். எமது வரலாற்றை நாமே எழுதி வைக்காவிட்டால், அடுத்த வருடமும் முதலாம் தவணையில் இதே வாதத்தைத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.